ஞாயிற்றுக்கிழமை அளவீடு

கணினியைக் காலையில் அளப்பதுதான் நல்லது, ஐயா. யாழ்ப்பாணத்து வெயிலில் மத்தியானமானால் அது சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். அந்த நேரத்தில் அளந்தால் வெயிலைத்தான் அளந்ததாக இருக்கும். விசிறியை என் பக்கம் திருப்பி வைத்ததற்கு நன்றி. எனக்கு அவ்வளவாக வியர்க்காது, ஆனாலும் நன்றி.

அடைக்கலநாதன் இறந்ததைப் பற்றி விசாரிக்கிறீர்கள் என்று தெரியும். லக்ஷன் எழுதிய மென்பொருளில் பழுது, அதனால்தான் நடுக்கடலில் அந்த மனுசன் உதவி கேட்டு அமத்திய பெட்டி வேலை செய்யவில்லை என்று கொழும்புத்துறை முழுக்கக் கதையாக இருக்கிறது. அந்தக் கதை பிழை. லக்ஷனின் மென்பொருளில் ஒரு பழுதும் இல்லை. நானே அளந்து பார்த்தேன். என்னைவிடத் திருத்தமாக அளக்கக்கூடிய ஒருவர் இந்தக் குடாநாட்டில் இருந்தால் எனக்குச் சந்தோசம்தான், பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் கிடைத்தது என்று இருப்பேன். பிழையான முடிவு ஒன்று ஊரில் உலாவுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்தேன்.

என் தொழில் மென்பொருள் பொதிகளின் வேகத்தை அளப்பது. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று தன் பொதியைத் திருத்தி எழுதினால், பழையதையும் புதியதையும் எனக்கு அனுப்பும். படமோ பொத்தானோ இல்லாத கறுப்புத் திரையில் நான் ஒரு வரிக் கட்டளையைத் தட்டுவேன். எந்தப் பொதி, எத்தனை தரம் ஓட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். கணினி அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒரு தரத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று கடைசியில் சொல்லும். எது வேகம், எது மந்தம் என்று நான் பதில் எழுதுவேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றாலும் அதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. அளப்பதற்கு முன் கணினியை அமைதியாக்க வேண்டும், அதாவது அதில் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். முதல் சில ஓட்டங்களின் கணக்கை எறிந்துவிட வேண்டும், அது கணினி சோம்பல் முறிக்கிற நேரம். ஓட்டம் முடியும் வரை எதிலும் கை வைக்கக் கூடாது. முக்கியமாக, வந்த எண்களில் நமக்குப் பிடித்ததைப் பொறுக்கி எடுக்கக் கூடாது. நான் ஒருநாளும் பொறுக்கியதில்லை. இந்த விடயத்திலும் பொறுக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மயூரதன், சண்டிலிப்பாய்க்காரன். அங்கே அண்ணன் குடும்பம் தோட்டம் செய்கிறது. எனக்குக் கொழும்புத்துறையில் ஒரு மாடி அறை போதுமாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கடனீரேரி, பக்கத்து ஒழுங்கையில் மாதா கோயில். என் வேலையைச் சரியாகச் செய்தால் யாரும் என்னோடு கதைக்க வேண்டிய தேவை வராது. கம்பனிக்காரர்கள் எழுத்தில்தான் கேட்பார்கள், எழுத்தில்தான் நன்றி சொல்வார்கள். சில நாட்களில் கடையில் பாண் கேட்கும்போதுதான் என் குரல் எனக்கே கேட்கும். தொண்டையைச் செருமிவிட்டுத்தான் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் குரல் வராது. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர் றமேஸ் ஒருநாள் மாடியேறி வந்தார். யாரோ உதவி செய்து, வள்ளங்களுக்குச் சின்னச் சின்னப் பெட்டிகள் வந்திருக்கின்றன, ஆபத்து வந்தால் அமத்துவதற்குச் சிவப்புப் பொத்தான் இருக்கிறது, ஆனால் அமத்தினால் கரையில் பெற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பொதிக்குக் ‘கரை’ என்று பெயர் வைத்தேன். சங்கத்தின் ஒரே கணினியில் அது ஓடியது. கணினியும் என் அறையில்தான் இருந்தது, ஏனென்றால் சங்கக் கட்டடத்தில் மழைக்கு ஒழுகும். யாராவது பொத்தானை அமத்தினால் என் திரையில் பெயர் விழும். நான் அவருக்குத் தொலைபேசி எடுத்து, கிடைத்தது என்று சொல்வேன். வள்ளத்தை இறக்குவதற்கு முன் எல்லோரும் ஒரு தரம் அமத்திப் பார்க்க வேண்டும் என்பது சங்கத்தின் ஏற்பாடு.

கொஞ்ச நாளில் மற்றவர்களுக்கு அலுத்துவிட்டது. அடைக்கலநாதன் மட்டும் ஒருநாளும் தவறவில்லை. அறுபதைத் தாண்டியவர், மனைவி அருமைநாயகி இறந்த பிறகு மகள் லவீனாவின் வீட்டில் இருந்தார். விடிகிற நேரத்தில் அவருடைய பெயர் திரையில் விழும், நான் கூப்பிடுவதற்கு முன் அவரே எனக்குப் போன் எடுத்துவிடுவார்.

“தம்பி, கிடைச்சுதோ?”

“ஓம் அண்ணை, வந்திட்டுது.”

“சண்டிலிப்பாய்க் கத்தரிக்காய் எழும்பீட்டுது போல. என்ன சாப்பிட்டனி?”

“இன்னும் இல்லை அண்ணை.”

“உந்தப் பெட்டிக்கு முன்னாலை குந்திக்கொண்டு இருக்காமல் ஒரு பிளேன்ரீயாவது ஊத்திக் குடி.”

கத்தரிக்காய் என்றது என்னைத்தான். இவ்வளவுதான் எங்கள் சம்பாசணை. சில நாள் காற்றைப் பற்றிச் சொல்வார், சில நாள் நண்டைப் பற்றி. நான் மரக்கறிக்காரன் என்று தெரிந்தும் நண்டுக் கறி எப்படி வைப்பது என்று விளக்குவார். கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் போனை வைத்த பிறகு என் வேலை நன்றாக ஓடும். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கொலைகாரனுக்குக் கோபம் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

பிறகு லக்ஷன் வந்தான். டவுனில் ஒரு கம்பனியில் வேலை செய்கிற பெடியன். மோட்டார் சைக்கிளில் வருவான், வரும்போதே கதைத்துக்கொண்டு வருவான். கரையைத் திருத்தி எழுதித் தரட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டான். நான் மறுக்க என்ன இருக்கிறது? அவனுடைய பதிப்பில், பொத்தானை அமத்தினால் கணினியே பதில் அனுப்பும், பெட்டியில் சிவப்பு வெளிச்சம் பச்சையாக மாறும். வீட்டுக்கும் ஒரு செய்தி போகும். ஆபத்து என்று அமத்திப் பிடித்தால் ஒரே நேரத்தில் பலருடைய போனுக்குச் செய்தி போகும். ஒருவரும் யாரையும் கூப்பிட்டுச் சொல்லத் தேவையில்லை. பரீட்சார்த்தமாக ஒரு மாதம் ஓடவிட்டார்கள். கடற்கரையில் எல்லோரும் பெட்டியைத் தூக்கிப் பிடித்துப் பச்சையைக் காட்டிச் சிரித்தார்கள்.

அடைக்கலநாதன் என்னைத் தெருவில் கண்டு சொன்னார். “இனி உனக்கும் கரைச்சல் இல்லைத் தம்பி. பெட்டியே பச்சை காட்டுது. விடியக் காலமை உன்னை எழுப்பத் தேவையில்லை.”

நல்ல மனதோடு சொன்னார். அடுத்த நாள் காலை போன் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் அடிக்கவில்லை. நான் வழக்கம் போல எழும்பி மேசையில் இருந்தேன். திரையில் அவருடைய பெயர் வரும், அதற்குப் பக்கத்திலேயே ‘பதில் அனுப்பப்பட்டது’ என்றும் வரும். பதில் அனுப்பியது நான் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. பொறாமை என்றும் சொல்லலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.

எந்தப் பதிப்பை நிரந்தரமாக வைப்பது என்று சங்கம் முடிவெடுக்க வேண்டி வந்தது. இரண்டையும் முறையாக அளந்துவிட்டு முடிவெடுங்கள் என்றேன். லக்ஷனும் ஒத்துக்கொண்டான். தன்னுடைய மடிக்கணினியில் தன் பதிப்பு வேகமாகத்தான் ஓடியது என்றான். ஓடப்போகிற கணினியில் அளந்தால்தான் கணக்கு என்று நான் சொன்னேன். இது உண்மை, யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அந்தக் கணினியில் அளக்க வேண்டுமென்றால் கரையை நிறுத்த வேண்டும். நிறுத்தியிருக்கும் நேரத்தில் எந்தப் பெட்டியை அமத்தினாலும் ஒன்றும் நடக்காது.

“ஞாயிறு காலமை செய்யுங்கோ தம்பி,” என்றார் றமேஸ். “ஞாயிறு ஒரு வள்ளமும் இறங்காது. சனம் முழுக்கப் பூசையிலை.”

அது அவர்களுடைய வழக்கம். ஞாயிறு கடலுக்குப் போவது பாவம். இத்தனை வருடத்தில் அங்கே ஒருவர்கூட ஞாயிற்றுக்கிழமை வலை போட்டதில்லை. ஆகவே ஞாயிறு காலை என்பது எல்லோருடைய சம்மதத்தோடும் எடுத்த முடிவு.

ஆனால் ஒருவர் போவார் என்பது எனக்குத் தெரியும். அருமைநாயகி இறந்த பிறகு அடைக்கலநாதனுக்குக் கோயிலுக்குள் இருக்க முடியவில்லை. இரண்டு பேரும் எந்த வாங்கிலில் அருகருகே இருந்து பூசை காண்பார்கள் என்று ஊருக்கே தெரியும், அந்த இடத்தை யாரும் பிடிக்காமல் விட்டு வைத்திருந்தார்களாம். அதைப் பார்க்க முடியாது என்றார். மகளிடம் டவுனில் பெரிய கோயில் பூசைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஊர்ச்சனம் கோயிலுக்குள் போன பிறகு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போவார். வலை கொண்டு போகமாட்டார். ஒரு மைல் போய் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பார். பூசை முடிகிற நேரம் திரும்பி வருவார். “வலை போடேல்லைத்தானே, அப்ப பாவம் அரைவாசி” என்று ஒரு காலையில் சொன்னார். லவீனாவுக்குச் சொல்லாதே என்றும் சொன்னார். நான் யாருக்கும் சொல்லவில்லை. யாருக்குச் சொல்வது?

லக்ஷனுக்கும் தெரியும் என்பது அளவீட்டுக்கு இரண்டு நாள் முன்புதான் எனக்குத் தெரிய வந்தது.

“அண்ணை, அடைக்கலம் ஐயா ஞாயிறு போறவரெல்லே,” என்றான். “என்னட்டைச் சொன்னவர். அதுதான் அவரின்ரை பெட்டிக்கு மட்டும், ஞாயிறிலை மகளுக்குச் செய்தி போகாமல் எனக்கு வாற மாதிரிச் செய்து வைச்சிருக்கிறன். நீங்கள் பூசை மணிக்கு முன்னம் முடிச்சிடுவியள்தானே? அவர் அதுக்குப் பிறகுதான் இறங்குவார்.”

“முடிச்சிடுவன்,” என்றேன்.

அவன் போன பிறகும் அவன் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்குச் சொன்னதை அவனுக்கும் சொல்லியிருக்கிறார். எத்தனையோ விடியற்காலை கதைத்த பிறகு என்னிடம் சொன்னதை, மோட்டார் சைக்கிளில் வந்து போகிற ஒருவனிடம் ஒரு மாதத்துக்குள் சொல்லியிருக்கிறார். அன்று நான் சமைக்கவில்லை. பசிக்கவும் இல்லை.

ஞாயிறு விடிய நான் கரையை நிறுத்திவிட்டு அளக்கத் தொடங்கினேன். நல்ல குளிர்ச்சி. கணினி அமைதியாக இருந்தது. முதலில் என் பதிப்பு, பிறகு லக்ஷனின் பதிப்பு, பிறகு மாற்றிப் போட்டு மறுபடியும். பூசை மணி அடிப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு செய்திக்கு என் பதிப்பு எடுத்த நேரத்தில் பாதியைக்கூட அவன் பதிப்பு எடுக்கவில்லை. எண்களில் தளம்பல் இல்லை. சந்தேகப்பட இடமே இல்லாத, சுத்தமான முடிவு. இன்னொரு தரம் ஓட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

‘முடிந்தது. உன்னுடையதுதான் வேகம். உன் பதிப்பு இப்போது ஓடுகிறது’ என்று லக்ஷனுக்கும் றமேசுக்கும் செய்தி அனுப்பினேன். முதலிரண்டு வசனமும் உண்மை. மூன்றாவது பொய். நான் எதையும் ஓடவிடவில்லை. அளவீட்டுக் கட்டளையைத்தான் மறுபடி தட்டினேன், மிக நீண்ட ஓட்டமாக. கணினி ஓடத் தொடங்கியது, நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பெட்டி பச்சை காட்டாவிட்டால் அவர் எனக்குப் போன் எடுப்பார். அவ்வளவுதான் என் எண்ணம். அந்த நேரத்தில் அதற்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை என்று நான் சத்தியம் செய்யத் தயார்.

அவர் எடுத்தார். கோயில் ஒலிபெருக்கியில் முதற்பாட்டு தொடங்கியிருந்தது.

“தம்பி, பெட்டி சிவப்பாயெல்லே நிக்குது. நாலைஞ்சு தரம் அமத்தினனான்.”

எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று உங்களுக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை. “அது கொஞ்சத்தாலை சரியா வரும் அண்ணை,” என்றேன். “நீங்கள் போங்கோ. நான் இருக்கிறன்தானே.”

“நீ இருக்கிறாயெண்டால் சரி,” என்றார். “லக்ஷன்ரை பெட்டி இண்டைக்கு என்ரை காலை வாரிப்போட்டுது போல.” சிரித்தார். நானும் சிரித்தேன். இயந்திரம் கிளம்புகிற சத்தம் கேட்டது. என்ன சாப்பிட்டாய் என்று அவர் கேட்கவில்லை, மறந்திருப்பார். நான் ஒரு பிளேன்ரீ ஊற்றிக் குடித்தேன்.

அவருக்கு இருதய வருத்தம் இருந்தது என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குப் போகிறவர். நெஞ்சு பிடித்தால் நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையைச் சட்டைப் பையில் எந்த நேரமும் வைத்திருப்பார். இதெல்லாம் எனக்குச் சொல்லியிருக்கிறார். லக்ஷனுக்கும் சொல்லியிருப்பார்.

பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது இரண்டாவது அழைப்பு வந்தது. முதல் முறை எடுத்ததைவிட வேகமாக எடுத்தேன்.

“தம்பி, நெஞ்சு பிடிக்குது,” என்றார். மூச்சு வாங்கியது. “குளிசை வைச்சனான், குறையுதில்லை. பெட்டியும் சிவப்பாத்தான் நிக்குது. ஆரையாவது அனுப்பு.”

“அனுப்புறன் அண்ணை. எங்கை நிக்கிறியள்?”

“வழமையான இடத்திலைதான். போனை வை. வைச்சிட்டு ஆளுக்குச் சொல்லு.”

இந்த இடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும், ஐயா. என்னிடம் ஒரு போன்தான் இருந்தது. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் அவருடைய அழைப்பைத் துண்டிக்க வேண்டும். போனைக் கையில் பிடித்தபடியே படியிறங்கிக் கோயில் வாசலில் போய் நின்று ஒரு சத்தம் வைத்திருக்கலாம் என்பதும் உண்மை. ஒழுங்கை திரும்பினால் கோயில். உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் வள்ளம் ஓட்டுகிறவர்கள், பிரசங்கத்தை அப்படியே விட்டுவிட்டுத் துறைக்கு ஓடியிருப்பார்கள். அவர் ஒரு மைல் தூரத்தில்தான் இருந்தார். லக்ஷனின் பதிப்பை ஓடவிட ஒரே ஒரு கட்டளை போதும், அதுவும் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. இதெல்லாம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தவை என்று நினைக்க வேண்டாம். அப்போதே எல்லாம் தெரிந்தது. நான் மந்தமாக யோசிக்கிற ஆள் இல்லை.

“கொம்பியூட்டராலை சொல்லிப்போட்டன் அண்ணை,” என்றேன். “வெளிக்கிட்டினம். நீங்கள் போனை வைக்காமல் கதைச்சுக்கொண்டிருங்கோ.”

அவர் நம்பினார். கேட்ட உடனே அவருடைய குரல் இறங்கி அமைதியானது. அதை நான் தெளிவாகக் கேட்டேன். நாங்கள் கதைத்தோம். காற்று எப்படி என்று கேட்டேன். காற்று இல்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்குது என்றார். கோயில் ஒலிபெருக்கி அவருக்கும் கேட்குமா என்று கேட்டேன். கேட்குது, ஆனால் சாமியார் என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை, விளங்காமல் இருப்பதும் நல்லதுதான் என்றார். அவருக்குப் பகிடி விடாமல் இருக்க முடியாது.

“இன்னும் ஒருத்தரையும் காணேல்லைத் தம்பி.”

“வருகினம் அண்ணை.”

“லவீனாவுக்குத் தெரியப்போகுது. ஏசப்போறாள்.”

“ஏசமாட்டா அண்ணை. நான் சொல்லிக்கொள்ளுறன்.”

பிறகு கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. நான் என்னைப் பற்றிச் சொன்னேன். இவ்வளவு நாளும் அவர்தான் கதைப்பார், நான் கேட்பேன். அன்று நான் சொன்னேன். மாடி அறையைப் பற்றி, என் வேலையைப் பற்றி, அவர் எனக்குப் போன் எடுக்காத காலைகளில் நான் மேசையில் எப்படி இருப்பேன் என்பதைப் பற்றி. ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒருவரும் நான் சொல்வதைக் கேட்டதில்லை.

நடுவில் அவர் கேட்டார். “லக்ஷனுக்குச் சொன்னனியோ? அவனுக்குச் சொல்லு. அவன் கெதியா ஆள் பிடிப்பான்.”

அந்த நேரத்திலும் அவன் பெயர். “சொன்னனான்,” என்றேன். அதற்கு முன், போனை வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடலாமா என்று ஒரு யோசனை எனக்குள் இருந்ததாகத்தான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு இல்லை.

எவ்வளவு நேரம் கதைத்தோம் என்று நான் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அளக்கிற நான் அதை மட்டும் அளக்கவில்லை. நீங்கள் தொலைபேசிக் கம்பனியிடம் கேட்டால் சொல்வார்கள். நீண்ட நேரம் என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் பிரசங்கம் முடிந்து, பாட்டு முடிந்து, சனம் நற்கருணைக்கு எழும்பிய பிறகும் அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு சொல்லவில்லை. வள்ளத்தின் பக்கத்தில் தண்ணீர் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். திரையில் ஓட்டம் முடிந்து எண்கள் வந்து நின்றன. முதல் வந்த அதே எண்கள்தான். போனை வைத்தேன்.

மத்தியானம் கடந்து, அரியாலைப் பக்கமாக ஒதுங்கிக் கிடந்த வள்ளத்தைக் கண்டுவிட்டார்கள் என்று தெருவில் சனம் ஓடியது. அதன் பிறகுதான் லக்ஷனின் பதிப்பை ஓடவிட்டேன். அவருடைய போன் வள்ளத்துக்குள் தேங்கிய தண்ணீரில் விழுந்து செத்திருந்தது. பெட்டி கைக்குள் இருந்ததாம், சிவப்பு வெளிச்சத்தோடு. மிச்சத்தை ஊர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டது. லக்ஷனின் மோட்டார் சைக்கிளை உடைத்தார்கள். நீங்களும் அவனைக் கூட்டி வந்து வைத்திருந்தீர்கள். கணினியில் எது எப்போது ஓடியது என்பதை அவன் ஒரு கட்டளையில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. “மயூரதன் அண்ணை ஓடவிட்டதெண்டால் ஓடித்தான் இருக்கும், பிழை என்ரை பக்கத்திலைதான்” என்று றமேசிடம் சொல்லியிருக்கிறான். வீட்டில் இருந்து தன் மென்பொருளை வரிவரியாகப் படிக்கிறானாம். பிழை இல்லாத இடத்தில் பிழை தேடுவது கொடுமையான வேலை. எனக்கு அவன் மேல் இப்போது கோபம் இல்லை.

அவனைக் காப்பாற்றத்தான் வந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். நீங்கள் அப்படி எழுத விரும்புகிறீர்கள் என்று தெரிகிறது. எண்ணைப் பொறுக்கக் கூடாது என்று சொன்னவன் நான், ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். செத்த வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தலின் ஓரத்தில் ஒரு கதிரை தந்தார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த லவீனா, லக்ஷனைக் கண்டதும் எழும்பி வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் அடிக்கவில்லை. “கடைசி வரைக்கும் உங்கடை பெட்டியைத்தான் பிடிச்சுக்கொண்டு கிடந்தவர்,” என்றாள். “உங்களைத்தான் நம்பினவர்.” லக்ஷன் குழறி அழுதான். அவளும் அழுதாள். பெண்கள் வந்து இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை, நான் அழவும் இல்லை.

அதை என்னால் பொறுக்க முடியவில்லை, ஐயா. அவர் கடைசியாக நம்பியது அந்தப் பெட்டியை இல்லை. கடைசியாகக் கதைத்தது என்னோடு. ஆள் வருகிறது என்று அவர் காத்திருந்தது என் சொல்லை நம்பித்தான். நான் ஒருவரையும் அனுப்பவில்லை, கடைசியில் அனுப்ப நினைக்கவும் இல்லை, அவர் சாகும் வரை போனில் வைத்திருந்தேன். இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். லக்ஷனின் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரைப் போடுங்கள். மகள் இருந்தாள், ஊர் இருந்தது, கோயில் நிறையச் சனம் இருந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் அந்த மனுசனுக்கு என்னை விட்டால் வேறு ஒருவரும் இருக்கவில்லை.